வெளுத்ததெல்லாம் பால்

சௌமியா படியேறி வந்தபோது நான் தையல் மிஷினில் ஒரு ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். சௌமியா என் கணவரின் தங்கை. ஒரு வருஷத்துக்கு மேலாக ராயபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்காதவள். போன் செய்தால் எடுக்காதவள். டோல்கேட்டில் ஒருமுறை எதிரெதிரே வந்தபோது, என்னைப் பார்த்துவிட்டுச் செருப்பு வார் அறுந்த மாதிரி குனிந்துகொண்டவள். அவள்தான் இப்போது இடுப்பில் பிள்ளையும் கையில் பால் பாட்டிலுமாக மூச்சிரைக்க நிற்கிறாள். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கோபம் வருவதற்கு நேரம் ஆகாது, போவதற்குத்தான் ஆகும்.

அண்ணன் எங்கே என்று கேட்டாள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இடத்தில் என்றேன். இத்தனை நாள் இல்லாத அண்ணன் இப்போது எதற்கு என்றும் கேட்டுவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை மடியில் அப்படியே சரிந்தது.

அப்போதுதான் கீர்த்தியைச் சரியாகப் பார்த்தேன். அவளுடைய முதல் பிறந்தநாளில் பார்த்தது. அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரரின் ஜாடையில் கறுகறுவென்று இருந்தாள், கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடித்து இழுத்தாள். இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. கன்னம் உப்பி, உதடு முதல் உள்ளங்கை வரை வெளுத்துக் கிடந்தாள். கீழ்வீட்டு ஞானம் அக்கா பின்னாலேயே ஏறி வந்து, பிள்ளை என்ன கலர் என்று வியந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். பிள்ளை அழவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ரத்தம் இல்லியாம் அண்ணி," என்றாள் சௌமியா. "பாதிகூட இல்லியாம். பால் குட்ச்சி குட்ச்சியே இப்டி ஆயிட்ச்சாம்."

காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நாலைந்து நாளாகப் பிள்ளை நடக்க மாட்டேன் என்கிறது, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறது. டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்திருக்கிறார், ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார், பிறகு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். பால் என்றிருக்கிறாள் இவள், பெருமையாக. எவ்வளவு என்று கேட்டதற்கு, கேட்டபோதெல்லாம் என்றிருக்கிறாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். இந்த வயசுக்கு நாளைக்கு இரண்டு டம்ளர், அதற்கு மேல் வேண்டாம், பாலிலே இரும்புச் சத்து கிடையாது, வயிறு முழுக்கப் பாலை ஊற்றி அடைத்துவிட்டால் சோறு எங்கே போகும் என்று திட்டியிருக்கிறார். உடனே மாடி வார்டில் சேர்க்க வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் இதயம் தாங்காது என்றிருக்கிறார்.

மாடிப்படி வரைக்கும் போன சௌமியா, படி ஏறாமல் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். வந்தது எங்கள் வீட்டுக்கு.

ஏன் வந்தாள் என்பதற்குப் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அவள் வாக்கப்பட்டது எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில். புருஷன் தாமோதரன் விசைப்படகில் போகிறவர், போனால் வாரக்கணக்கில் கடலில்தான். இரண்டு கரு கலைந்து மூன்றாவது வயிற்றில் தங்கியபோது, குப்பத்து அம்மன் முன்னால் நின்று இவள் வேண்டிக்கொண்டாள். பிறக்கிற பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்து உன் சன்னதியில் காது குத்துகிறேன், அதுவரைக்கும் அது நாக்கில் கவுச்சி படாது என்று. மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. விடிந்தால் மீன், பொழுது சாய்ந்தால் மீன் என்று இருக்கிற வீட்டில் இப்படி ஒரு வேண்டுதல். ஒரு வருஷம்தானே, கடத்திவிடலாம் என்று நினைத்திருப்பாள்.

அந்தப் பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்னால்தான் எனக்கும் கருணாகரனுக்கும் கல்யாணம் ஆனது. எனக்காக அவர் ஞானஸ்நானம் வாங்கினார். மாதா கோயிலில் அவர் பெயர் இக்னேஷியஸ், காசிமேட்டில் பழையபடி கருணா. காது குத்த வைத்திருந்த அந்தப் பிறந்தநாள் அன்று, மனையில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கக் கை நீட்டியவரைப் பார்த்து, சௌமியாவின் நாத்தனார் செல்லம்மா, சர்ச்சில் முட்டி போட்டவன் எங்கள் ஆத்தா எதிரில் எப்படி உட்காரலாம் என்றாள். அதோடு விட்டாளா? மாமன் கறுப்பு பிள்ளைக்கு ஒட்டினது போதாதா, சாமி கோபமும் ஒட்ட வேண்டுமா என்றாள். கூட்டம் சிரித்தது. சௌமியா தலையைக் குனிந்துகொண்டாள். இவர் எழுந்து வந்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். செல்லம்மா பூசாரிகூட இல்லை, மார்க்கெட்டில் மீன் விற்கிறவள்.

காது குத்தவில்லை. வேண்டுதல் மட்டும் அப்படியே நின்றது. சௌமியா வீட்டில் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் மீன் வாசம். சோற்றுக் கரண்டி குழம்பில் கிடந்ததாக இருக்கும், தட்டில் செதில் ஒட்டியிருக்கும். தப்பித் தவறி ஒரு துணுக்கு பிள்ளை வாய்க்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சி பாட்டிலில் ஊற்றுகிற பாலில் அந்தப் பயம் இல்லை. அதனால் எழுந்தால் பால், பசித்தால் பால், அழுதால் பால், தூங்குவதற்கும் பால். நீலப் பாக்கெட் ஒன்று வாங்கின வீட்டில் மூன்று வாங்கினார்கள். தனியாகப் பருப்பு சாதம் வடித்தும், கீரை மசித்தும் பார்த்திருக்கிறாள். வயிறு ரொம்பின பிள்ளை அதை எதற்கு வாங்கும்? துப்பியது. துப்பினால் பாவம் என்று மறுபடியும் பால்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்துச் சுவரிலெல்லாம் எழுதி வைக்கிறோம், பாலுக்கு மட்டும் யாரும் அளவு கேட்பதில்லை. பிள்ளை வெளுக்க வெளுக்கச் செல்லம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாமன் கறுப்பு போய்ப் பால் நிறம் வந்துவிட்டது என்று கூடையோடு தெருத் தெருவாகச் சொன்னாளாம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் சௌமியா. அவளும் சேர்ந்து சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"சரி, ஆஸ்பத்திரில சேக்காம இங்க இன்னாத்துக்கு வந்த?" என்றேன்.

"யாரு ரத்தமோ அண்ணி. மீனும் கறியும் துன்ன ஒடம்புலேர்ந்து வர்றது. அது உள்ள பூட்டா வேண்டுதல் கெட்டுடும். கொட்த்த ஆத்தாவே எட்துகினு பூடுவா." அவள் என் காலைத் தொட வந்தாள். "அண்ணன் வந்து ஒரு தபா மடியில வெச்சிகினா போதும். காது குத்திகினு நேரா ஆஸ்பத்திரிக்கே போய்டறேன்."

அறைந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் பிள்ளையின் விலாவைப் பார்த்தேன், ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. இவளோடு வாதாடி ஜெயிக்க எனக்கு நேரம் இல்லை. அண்ணன் சொன்னால் கேட்பாள், அவரைவிட்டு நாலு அதட்டு அதட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். தெருமுனையில் ஆட்டோ வைத்திருக்கும் சௌக்கத் அலியைக் கூப்பிட்டு, மூன்று பேரும் காசிமேட்டுக்குப் போனோம்.

கருணாகரன் ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்து மிஷினில் தள்ளிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார், உடனே முதுகைக் காட்டிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல மிஷின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி அடுத்த பாளத்தை இழுத்தார். கடைசியில், செல்லம்மா தன் வாயால் கூப்பிட்டால் வருகிறேன் என்றார். ஒரு வருஷமாக எங்கள் வீட்டிலும் இதே பாட்டுத்தான். இந்தக் குடும்பத்தில் ரோஷத்துக்குக் குறைச்சலே கிடையாது.

அப்போது கீர்த்தி அசைந்தாள். அதுவரை துணி மாதிரி கிடந்த பிள்ளை, உடைந்து கொட்டுகிற ஐஸைப் பார்த்துக் கையை நீட்டியது. இவர் மனசு அதில் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். சுத்தமான துண்டாகப் பார்த்து எடுத்து நீட்டினார். அவள் அதைப் பிடுங்கி வாயில் போட்டு நறநறவென்று கடித்தாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். பட்டினி கிடந்தவர்கள் சோற்றைப் பார்த்தால்தான் அப்படி அள்ளுவார்கள். வீட்டிலும் இப்படித்தான், மீன் பெட்டி ஐஸைத் தின்னும், சுவரைச் சுரண்டித் தின்னும் என்றாள் சௌமியா.

அவர் கொக்கியைக் கீழே போட்டார். மீன் வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் இன்றைய மீன், வெளுத்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். பிறந்ததிலிருந்து அதையே செய்து பழகிய அவருடைய கட்டைவிரல், பிள்ளையின் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்தது. உள்ளே துளி சிவப்பு இல்லை.

"செவுளு வெளுத்த மீன நீ கூடையில வெப்பியா சௌமி?" என்றார். "புள்ளய எப்டிம்மா பாக்காம வுட்ட?"

சௌமியா ஈரத் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வா என்றார் அவர். அம்மன்கிட்ட வா என்றாள் அவள். மடியில் வைக்காமல் ரத்தம் ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் நீ பொறுப்பு ஏற்பாயா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஞானஸ்நானத் தண்ணீர் தலையை நனைத்ததோடு சரி, அடிவயிற்றில் இருக்கிற அந்தக் குப்பத்துப் பயத்தை அது தொடவில்லை. சரி வா, எண்ணூருக்கே போவோம், சீக்கிரம் முடித்துவிட்டு வருவோம் என்றார். நான் யாரை அதட்டுவதற்கு அழைத்து வந்தேனோ அந்த ஆளே கட்சி மாறிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தெற்கே போக வேண்டும், எண்ணூருக்கு வடக்கே. சௌக்கத் அலி என் முகத்தைத்தான் பார்த்தார். அவர் காதிலும் எல்லாம் விழுந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் இவள் இறங்கி வேறு ஆட்டோவில் ஏறிவிடுவாள். ஆட்டோ வடக்கே திரும்பியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை.

திருவொற்றியூர் தாண்டுவதற்குள் மாட்டிக்கொண்டோம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. முன்னாலும் லாரி, பக்கத்திலும் லாரி. டிரைவர்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புகையும் தூசியும் ஆட்டோவுக்குள் அடைந்தது. கீர்த்தி மாமன் மடியில் கிடந்தாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை, தொட்டால் சில்லென்று இருந்தது. நான் ஜெபமாலையைத் தேடினேன், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வாய்க்கு வந்த ஜெபத்தைச் சொன்னேன், பாதியில் மறந்துபோனது.

சௌமியா கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த முணுமுணுப்பு எனக்குத் தாங்கவில்லை.

"ஏத்தற ரத்தம் கவுச்சின்ற," என்றேன். "உன் ரத்தம் இன்னா? மீன் துன்னுகினுதான பத்து மாசம் வயித்துல வெச்சிகினு இருந்த? அந்த ரத்தத்துலதான இவ பொறந்தா? அது கவுச்சி இல்லியா? அத்தயும் பால ஊத்திக் கழுவிட்ட. இப்ப இவ ஒடம்புல வெறும் பாலுதான் ஓடுது, போதுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பாட்டிலை எடுத்துப் பிள்ளை வாயில் வைத்தாள். கீர்த்தி உறிஞ்சவில்லை. காம்பை உதட்டில் தேய்த்துப் பார்த்தாள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பாட்டிலை லேசாக அழுத்தினாள். பால் கடைவாய் வழியாக வழிந்து மாமன் லுங்கியில் சொட்டியது. பிள்ளை அதை விழுங்கக்கூட இல்லை.

தூக்கத்தில்கூடப் பால் பாட்டிலை விடாத பிள்ளை அது. டாக்டரம்மா சொல்லி விளங்காதது, நான் கத்தி விளங்காதது, அந்த ஒரு நிமிஷத்தில் சௌமியாவுக்கு விளங்கிவிட்டது. அவள் பாட்டிலை ஆட்டோவுக்கு வெளியே எறிந்தாள்.

"திருப்பு பாய்," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போ."

திருப்புவதற்கு இடம் இல்லை. கருணாகரன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். லாரிகளுக்கு நடுவே தெற்கே ஓடினார், பின்னால் சௌமியா, அவளுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான். சௌக்கத் அலி நடைபாதை மேலேயே ஆட்டோவை ஏற்றித் திருப்பி, எதிர்த் திசையில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து எங்களைப் பிடித்தார். எத்தனை பேர் எங்களைத் திட்டினார்களோ தெரியாது. அந்தத் திட்டெல்லாம் ஆசீர்வாதமாகப் போகட்டும்.

ஆஸ்பத்திரியில் யாரும் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காலையில் பார்த்த அதே டாக்டரம்மா சௌமியாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் தேடினார்கள், அடுத்த கையில் தேடினார்கள், கால் பக்கம் போனார்கள். கட்டிலில் கிடத்தினால் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. யாராவது மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். ஊசியைப் பார்த்துச் சௌமியா பின்வாங்கினாள். கருணாகரன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஐஸ் இழுக்கிற அந்தக் கை அசையவே இல்லை.

ஊசி உள்ளே போனது. கீர்த்தி வீறிட்டாள். வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை. ஞானம் அக்கா கிள்ளியபோது வராத அழுகை வந்ததும், சுவரோரமாக உட்கார்ந்து நானும் அழுதேன்.

குழாயில் ரத்தம் இறங்கத் தொடங்கியதும் சௌமியா கண்ணை மூடிக்கொண்டாள். ஆத்தா மன்னிச்சுடு, மன்னிச்சுடு என்று உதடு அசைந்தது. இவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மாமன் மடியில வெச்சி குத்தியாச்சி. காதோ கையோ, உங்க ஆத்தாளுக்கு இது பத்தாதுன்னா என்கிட்ட வந்து கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

சௌமியா கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். ஒரு வருஷத்துச் சண்டைக்கு அவ்வளவுதான் சமாதானம்.

மறுநாள் விடிந்து நான் காபி வாங்கிக்கொண்டு போனபோது, கீர்த்தி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய் இல்லை. பாலு பாலு என்று கேட்டு அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் டம்ளரில் கொஞ்சம் பால் கொடுத்தார். குடித்து முடித்ததும் இன்னும் வேண்டும் என்று டம்ளரைத் தூக்கி எறிந்தாள். சௌமியாவின் கை அவளையறியாமல் பைக்குள் போய்ப் பாட்டிலைத் தேடியது. இல்லாத பாட்டிலைத் தேடின கையை அவள் வெளியே எடுத்து, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். பிள்ளை அழுதது. அவளும் அழுதாள். ஆனால் கொடுக்கவில்லை. இவர் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து விரல் நுனியில் எடுத்து வாயில் வைத்தார். துப்பினாள். மறுபடி வைத்தார். மறுபடி துப்பினாள். அழுது களைத்துப்போய் அடுத்த முறை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு விழுங்கினாள்.

அந்த நேரத்தில்தான் செல்லம்மாவிடமிருந்து போன் வந்தது. குப்பத்துக்குச் செய்தி எப்படியோ போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஏன் போனீர்கள், யாரைக் கேட்டு ரத்தம் ஏற்றினீர்கள் என்று இரைந்தது எனக்கே கேட்டது. சௌமியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் செல்லம்மா குரலைத் தணித்து, பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

சௌமியா பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்து, பக்கத்தில் கிடந்த அண்ணன் கையோடு வைத்துப் பார்த்தாள்.

"கறுத்துட்டா," என்றாள் போனில். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "எங்க அண்ணன் கலருக்கே வந்துட்டா."